பூமாலை அக்கா கொடுத்த மாத்திரை

கூட்டேரிப்பட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் பத்துப் பேர் செட்டாகத்தான் போவோம். ஒருத்தி பின்தங்கினால் மறுநாளே மேஸ்திரி கோதண்டபாணி அவளைக் கழற்றிவிடுவார். போன வருஷம் அசதியில் நான் பின்தங்கினேன்.

அடுத்த வீட்டுப் பூமாலை அக்கா, முட்டிவலியால் வேலையை விட்டவள், ஒரு மாத்திரையை நீட்டினாள். "போட்டுக்க ஜெயம். இத்தப் போட்டதும் எனக்கு அசதி வுட்டுப் போச்சு. எங்கிட்ட நெறைய கீது."

கூழைப் பகிர்ந்து குடிக்கிறவர்கள் மாத்திரைக்கு மட்டும் விசாரணையா வைப்போம்? தினமும் விடியற்காலை வேலியோரம் ஒன்று வாங்கி விழுங்கிவிட்டு வண்டி ஏறினேன். கை பறந்தது. கோதண்டபாணியே மெச்சினார்.

ஆறு மாதத்தில் உடம்பு இளைத்தது, விரல் நடுங்கியது, நெஞ்சு தாளம் தப்பி அடித்தது. போன வாரம் மல்லாட்டைக் கொல்லையிலேயே மயங்கி விழுந்தேன்.

விழுப்புரத்து டாக்டரம்மா ஈசிஜி தாளையும் ரத்தப் பரிசோதனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தைராய்டு மாத்திரை போடறீங்களா?"

"இல்லீங்க. அசதிக்கு ஒண்ணு போடறேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்து, அன்றைக்கு விழுங்காமல் வைத்திருந்ததைக் காட்டினேன்.

"இதுதாம்மா அது. தைராய்டு கொறைஞ்சு உடம்பு ஊதிப் போறவங்களுக்குக் குடுக்கறது; உங்களுக்குக் கொறையவே இல்ல. அளவுக்கு மேல போயி இதயத்தை வெரட்டுது. இப்படியே வுட்டா ரத்தம் கட்டி கை கால் வெளங்காமப் போயிடும்."

அந்த மாத்திரையை நிறுத்தி, இதயத்துக்கு வேறு எழுதினார். கொஞ்ச நாள் வெயிலில் வேலை கூடாது என்றார்.

எல்லாக் கோபத்தையும் மென்றுகொண்டே அக்கா வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயிலில் அவள் போர்வை போர்த்திக் குந்தியிருந்தாள். முகம் ஊதியிருந்தது. தினம் பார்த்த முகம்தான்; எனக்கு வண்டியைப் பிடிக்கும் அவசரம்.

"மாசத்துக்கு எத்தினி மாத்திரை குடுக்கறாங்கக்கா?"

"முப்பது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில."

"அப்ப நீ?"

"உனக்கு வேலை இல்லாத நாள்ல போட்டுக்குவேன். நான் வூட்ல சும்மா குந்திக்கினு கீறவ. சுறுசுறுப்பு வேலைக்குப் போறவளுக்குத்தான வேணும்?"

திட்ட வந்த எனக்கு அழுகைதான் வந்தது. "நாளைக்குத் திண்டிவனம் போலாம். டாக்டர்கிட்ட இத்த அப்படியே சொல்லு."

"உன் செட்டு?"

அவளுடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் விடியலில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றோம். வேலைக்குப் போகும் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. என் இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.