பயில்வானுக்குக் கிடைத்த சொந்த வேஷம்

பட்டணத்துக்காரர்கள் என் புருஷனுக்கு என் புருஷன் வேஷத்தையே கொடுத்தார்கள். அதையும் அந்த மனுஷன் ஒழுங்காக நடிக்கவில்லை.

அது ஊமைப்படக் காலம். குஸ்தி பயில்வான் கன்னியப்பன் என்றால் வாணியம்பாடியில் தெரியாத ஆள் கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பத்தூரில் ரஷீத் அஹமதைத் தூக்கிப் போட்டு ஜெயித்தாரே, அந்தக் கதையைப் படமெடுக்க டைரக்டர் கங்காதரன் வந்தார். ஜெயித்தவர் வேஷம் இவருக்கு. தோற்றவர் வேஷம் ரஷீத் பாய்க்கு. இருவரும் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை செய்பவர்கள், ஒரே பீடிக்கட்டைப் பங்கு போடுகிறவர்கள்.

இந்தப் படமே வேண்டாம் என்றேன் நான். திருப்பத்தூர் கோதாவின் மண் கட்டாந்தரை மாதிரி இருந்தது. விழுந்த வேகத்தில் பாயின் வலது தோள் இறங்கிவிட்டது. அதிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பாது. ஊருக்கு அது ஜெயித்த கதை. என் வீட்டுக்காரருக்கோ தோஸ்தின் கையைக் கெடுத்த கதை. அதற்கப்புறம் அவர் குஸ்தியே போடவில்லை.

பாய் ஆசைப்பட்டார் என்றுதான் இவர் படத்துக்குத் தலையாட்டினார். "நம்ம சக்கை மேலதானே பூவம்மா விழப்போறான், ஒண்ணும் ஆவாது" என்று எனக்கும் தைரியம் சொன்னார். எங்கள் ஊர் கோதாவில் மண் போடுவதில்லை. தோல் பதம் போட்டு, சாறு இறங்கிப்போன ஆவாரம்பட்டைச் சக்கையைக் காயவைத்து முழங்கால் ஆழத்துக்குக் கொட்டியிருப்பார்கள். குழந்தையைப் போட்டாலும் வலிக்காது.

படம் பிடிக்கிற அன்று கஞ்சித் தூக்கோடு நானும் போனேன். போய்ப் பார்த்தால் சக்கையைக் காணோம். கறுத்த சக்கையில் கறுத்த உடம்பு தெரியாதாம். மொத்தத்தையும் வாரிவிட்டுப் பாலாற்று மணலைக் கொட்டி, தூசி பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து இடித்தும் வைத்திருந்தார்கள். மெத்தப் படித்தவர்கள்!

இவர் மணலைக் காலால் அழுத்திப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. பாயின் வலது தோளை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினார்.

படம் பிடிக்கிற பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். பாயை இடுப்பளவு தூக்கியவர், திடீரென்று தன் முழங்காலை மடக்கித் தானே மல்லாக்க விழுந்துவிட்டார். பாய் அவர் மேல் கிடந்தார்.

"யோவ், நீதான்யா ஜெயிக்கணும்! அதானே நடந்துச்சு!" என்று டைரக்டர் கத்தினார்.

"நான்தானே கன்னியப்பன்? என் கதைய எனக்கே சொல்றியா?" என்றார் இவர்.

கூட்டம் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை.

"இன்னாடா நெனச்சினு இருக்கே?" என்று இவர் மேல் பாய்ந்தார். "பன்னெண்டு வருஷமா ஊர்ல எனக்கு இன்னா பேரு? கன்னியப்பன் கூட முக்கா மணி நேரம் நின்னவன். அத்த பொய்யாக்கப் பாக்கறியா?"

"உன் தோளுடா..."

"அது என் தோளு. எனக்கு இல்லாத பேஜாரு உனக்கு இன்னாத்துக்கு?"

அத்தனை பேர் முன்னாலும் என் புருஷன் அழுதுவிட்டார். "ஒரு நாளாவது என்னத் திட்டினியாடா நீ?"

"திட்டினா நீ சோறு துண்ண மாட்டியேடா" என்றார் பாய்.

எனக்கும் அழுகை வந்தது. இந்த இரண்டு தடியன்களையும் இழுத்து வைத்து அறையலாம் போலவும் இருந்தது.

இன்னும் ஒரு தடவைக்குத்தான் பிலிம் இருக்கிறது என்று டைரக்டர் கெஞ்சினார். மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை இவர் நிஜமாகவே தூக்கிப் போட்டார். கண்ணைப் பொத்திக்கொண்டேன். திறந்தபோது பாய் துணியைத் தட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். தோளுக்கு ஒன்றுமில்லை. நான் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும்தான் இவருடைய இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் வீங்கிக் கோணிக் கிடந்தன. "கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவான்" என்றார். நானும் அப்படியே பாயிடம் சொன்னேன்.

நாலு மாசம் கழித்துப் படம் எங்கள் ஊர் டெண்ட் கொட்டகைக்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாய் விழுந்த இடத்தில் டெண்ட்டே கிழிகிற மாதிரி விசில். எல்லோரும் ஜெயித்தவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள். பாய் பார்த்தது வேறு இடத்தை. பாயின் தோள் மணலில் படுவதற்குள் அதற்கு அடியில் ஓர் இடது கை நுழைந்தது, அந்த வெள்ளைத் துணியில் மரமளவு பெரிதாகத் தெரிந்தது.

பாய் இவருடைய கோணல் விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கதவுல நசுங்கிச்சாடா?"

"ஆமாண்டா. ரொம்ப கனமான கதவு" என்றார் என் புருஷன்.

படம் முடிந்து விளக்குப் போடும் வரைக்கும் பாய் அந்தக் கையை விடவே இல்லை.