பதினான்காம் சாட்சி

"அப்பா, பூட்டைத் திறக்கப் போறவன் அதை ரெண்டு தடவை இழுத்துப் பாப்பானா?" என்று மகள் கேட்டபோது தையல்காரர் ஒரு முழுக்கைச் சட்டைக்குக் கஃப் வைத்துக்கொண்டிருந்தார். மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்தப் பூட்டு?"

"எழுதி முடிச்சாச்சு. இனிமே சொல்லலாம். கேளேன்."

வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டுமேசையில் பாதியை விடுமுறை தொடங்கிய அன்றே மகள் பிடித்துக்கொண்டாள். பள்ளி திறந்ததும் வரலாற்றுக்கென்று தனியாக ஓர் உயர்வகுப்பு. இருபது பேருக்குத்தான் இடம். சேர விரும்பியவர்களுக்கு டீச்சர் ஆளுக்கொரு கட்டுத் தாளைக் கொடுத்து, கோடை முழுக்கப் படிக்கச் சொல்லியிருந்தார். ஏதோ ஒரு விசாரணையின் நகல். சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டு எண்கள் மட்டும் இருந்தன. இவர்களில் யாரை நம்பமாட்டாய், ஏன் என்று மூன்று பக்கம் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை யாரிடமும் பேசக்கூடாது. இன்று நான்கு மணிக்குள் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும்.

வரலாறு என்றால் ராஜாக்கள், சண்டைகள் என்று அவர் நினைத்திருந்தார். "சொல்லுங்க ஜட்ஜம்மா," என்றார்.

"ஒரு அட்டைப்பெட்டி கம்பெனிப்பா. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி தீப்பிடிச்சுது. பதினோரு பேர் செத்துட்டாங்க. எல்லாரும் பின்கதவுகிட்டதான் கெடந்தாங்க."

மிஷின் நின்றது. அவர் நிறுத்தவில்லை. கால்தான் நின்றுவிட்டது.

"நீ தைச்சுக்கிட்டே கேளு, நேரமாச்சு. மத்தவங்க எல்லாம் முதலாளியைத்தான் எடுப்பாங்க. அந்த ஆள் பொய் சொல்றது சின்னப் புள்ளைக்கும் தெரியும். நான் பதினாலாம் சாட்சியை எடுத்தேன். ஸ்டோர்கீப்பர். இவன் பேச்சை நம்பித்தான் கதவு திறந்திருந்துச்சு, புகையில வழி தெரியாம விழுந்துட்டாங்கன்னு முடிச்சிருக்காங்க."

அவர் காலை மிதிமேல் வைத்தார். துணி நகர்ந்தது. எங்கே போகிறதென்று தெரியவில்லை.

அவள் குரலை ஏற்றிப் படித்தாள். "'காலை ஏழு மணிக்குப் பின்கதவுக்குச் சென்றேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு பூட்டைத் திறந்து, சாவியை ஆணியில் மாட்டினேன்.'"

வேறு ஊரில், வேறு வயதில் அவர் சொன்னது. முதலாளியின் வக்கீல் மூன்று நாள் உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைத்தார். திறந்ததும் ஆணியில் மாட்டியதும் வக்கீல் கொடுத்த சொற்கள். இழுத்துப் பார்த்ததை வக்கீல் கொடுக்கவில்லை. கூண்டில் நின்றபோது அது தானாக வந்து முன்னால் நின்றுகொண்டது. அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இறந்தவர்களின் வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

"பூட்டினவன்தானே இழுத்துப் பாப்பான், விழுந்துச்சான்னு? திறக்கப் போறவன் சாவியை நேரா உள்ள விடுவான். இவன் பூட்டிட்டுப் போயிருக்கான்ப்பா. கை செஞ்சதை வாய் சொல்லிடுச்சு. திறந்தேன்ங்கறதை அப்புறம் ஒட்டவெச்சிருக்கான்."

பெட்டிகள் திருடு போகின்றன, பூட்டிவை என்று முதலாளி சொன்னார். பூட்டினார். புகை எழுந்தபோது சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓடினார். கம்பெனியை நோக்கித் தெருவில் பாதிவரைதான் ஓடினார்.

போலீஸ் வரும் என்று சில வருடங்கள் காத்திருந்தார். செத்தவர்களின் அண்ணன் தம்பி யாராவது வருவார்கள் என்று சில வருடங்கள். பிறகு யாரும் வரமாட்டார்கள் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டார். வெட்டுமேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று நினைத்ததே இல்லை.

"அந்த ஆளுக்கு என்ன வயசுன்னு போட்டிருக்கா?"

"இருபத்திநாலு. ஏன், பாவம்னு சொல்ல வர்றியா? பதினோரு பேருப்பா."

"இல்ல. சும்மா கேட்டேன்."

"நல்லா எழுதின மூணு பேரை ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அங்க அசல் இருக்கு. பேரெல்லாம் இருக்கும். நான் போனதும் பதினாலாம் ஆளோட பேரைத்தான் பாக்கப் போறேன்." தாள்களை மேசையில் தட்டி ஒழுங்குசெய்தாள். "டீச்சரே இதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க, தெரியுமா? சொல்லு. சரியா எழுதியிருக்கேனா?"

அவர் மடியைப் பார்த்தார். கஃப்பின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார். கை வெளியே வர வழியில்லாமல் சட்டையின் வாய் மூடிக்கிடந்தது. கடை போட்ட நாளிலிருந்து இப்படி ஆனதில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கே," என்றார்.

"அய்யோ, மூஞ்சியைப் பாரு. பாராட்டும்போது கொஞ்சம் சிரிச்சா சொத்தா போயிடும்?"

மூன்றரைக்கு மகள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியருகே நின்றாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி. வீட்டைப் பூட்ட வேண்டும். வெயில் கதவின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்தி, பூட்டை வளையத்தில் மாட்டி அழுத்தினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். அத்தோடு திரும்பிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைப்பதற்குள் கை போய் இழுத்துவிட்டது.

"ஒண்ணு," என்றாள் மகள்.

நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்குப் பின்னால் நின்று அவள் இப்படித்தான் எண்ணுவாள். வீட்டைப் பூட்டும்போதெல்லாம். அது அவர்களுடைய பழைய கேலி.

கையை எடுத்துவிடலாம் என்று பார்த்தார். கை இன்னொரு முறை இழுத்தது. இரும்பு நாதாங்கியில் மோதி ஓசையிட்டது.

பின்னாலிருந்து எண் வரவில்லை. ஃபைலின் சரசரப்பும் நின்றிருந்தது. அவர் திரும்பவில்லை. பூட்டு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தபடியே நின்றார்.