ஹார்பர் கிங்குக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் மாமன் மகன் சூர்யபிரகாஷ் நல்லவன். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். சொல்லும்போதே வயிறு எரியும், அது வேறு விஷயம். கெட்டவனாக இருந்திருந்தால் பொறாமைப்பட ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். அந்த வசதியைக்கூட அவன் எனக்கு விட்டுவைக்கவில்லை.

என்னைவிட நாலு மாதம் சின்னவன். பத்தாம் வகுப்பில் எண்பது மார்க் என்னைவிடக் கூட. மஸ்கட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினான். அங்கே போய் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் தலைமுடி கொட்டிவிடும் என்பார்கள். இவனுக்கு ஒரு முடி கொட்டவில்லை. எங்கேயும் போகாமல் அறந்தாங்கியிலேயே கிடந்த எனக்குத்தான் வழுக்கை.

நான் குணசேகரன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் கேம் கடை வைத்திருக்கிறேன். முதலில் அது பிரவுசிங் சென்டர். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு ஈ ஓட்டினேன். அப்புறம் நாலு பழைய கேம் மெஷின்களை வாங்கி டிவியில் மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு நாற்பது ரூபாய் என்று போர்டு போட்டேன். ஸ்கூல் பையன்களும் பாலிடெக்னிக் பையன்களும் வந்தார்கள். பெரிய வாழ்வு இல்லை. ஆனால் இந்த ஊரில் அந்தத் தொழிலுக்கு நான் ஒருவன்தான். அந்த ஒரு பெருமைதான் எனக்கு இருந்தது.

அப்போதுதான் 'ஹார்பர் கிங் ஃபைவ்' கேம் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். நாலாம் பாகம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. இதற்கு ஆயிரக்கணக்கான கோடி செலவாம். நவம்பர் பதினெட்டு ரிலீஸ். ஒன்றரை நிமிட டிரெய்லரை என் கடைப் பெரிய டிவியில் பையன்கள் நூறு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

"அண்ணே, மழ பெஞ்சு ரோட்டுல தேங்குன தண்ணியில லைட்டு தெரியுது பாருண்ணே" என்பான் ஒருவன்.

"நம்ம ரோட்டுலயுந்தான் தண்ணி தேங்குது. போயிப் பாரு" என்பேன். வாய் அப்படிச் சொன்னாலும் மனசுக்குள் எனக்கும் குதூகலம்தான். அந்த கேம் பழைய மெஷினில் ஓடாது. புது மெஷின் வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு எந்த அப்பனும் இங்கே இளிச்சவாயன் இல்லை. ஆகவே அத்தனை பேரும் என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். இரண்டு புது மெஷின் மட்டும் வாங்கிப் போட்டால் இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை.

இப்படி நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஆனி மாதத்தில் சூர்யபிரகாஷ் கடைக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு. அதில் அவனுடைய திட்டம் படத்தோடு இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுடைய சொந்தக் கட்டடத்தின் மாடி முழுக்க ஏசி. பத்துப் புது மெஷின்கள். வண்டி மோதினால் உட்கார்ந்திருப்பவனையும் உலுக்குகிற நாற்காலிகள். முதல் வாரத்துக்கு முன்கூட்டியே டோக்கன். விளையாடுகிறவனுக்கு எதிர்க்கடையிலிருந்து பரோட்டா சீட்டுக்கே வரும். கதையை முதலில் முடிக்கிற பையனுக்கு ஒரு சைக்கிள். கறம்பக்குடி வரைக்கும் பிளக்ஸ்.

ஒவ்வொரு பக்கமும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. ஒன்றுகூடத் தோன்றவில்லை.

"மச்சான், ஒன் கடைக்கு இது எடஞ்சலா இருக்குமா? மனசுல பட்டதச் சொல்லு. இருக்கும்னா நான் வேற ஏதாச்சும் பாத்துக்கிறேன்" என்றான்.

இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவன் பிச்சை போட்டு நான் பிழைப்பதா என்று வந்தது. "சேச்சே, என்ன மாப்ள பேசுற. நீ ஆரம்பி, நான் கூட நிக்கிறேன்" என்றேன்.

"அப்படின்னா வெள்ளிக்கெழம காளியம்மன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம். நீதான் பூக்கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் காளியம்மனிடம் கேட்காமல் யாரும் தொழில் தொடங்க மாட்டார்கள். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஒரே அளவாக மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே ஊருணியில் போட்டுவிட வேண்டும். கேட்கிறவன் வீட்டார் பூக்கட்டக் கூடாது, மாமன் மச்சான் முறையில் மூத்தவன்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மச்சான் வஞ்சகம் செய்ய மாட்டான் என்று எந்தக் காலத்திலோ எவனோ நம்பியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து கட்டினேன். தட்டில் இரண்டு நிறப் பூவும் இருந்தன. முதல் பொட்டலத்தில் அரளியை வைத்தேன். இரண்டாவது இலையைக் கையில் எடுத்தபோது அந்தப் பத்து மெஷினும் ஏசியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. என் சந்துக் கடையில் நான் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. இரண்டாவதிலும் அரளியையே வைத்தேன். நந்தியாவட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சூர்யபிரகாஷின் ஐந்து வயது மகள் இளமதி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி சொக்கு பிரித்தார். "செவப்பு வந்துருக்குப்பா. ஆத்தா வேணாங்குறா" என்றார்.

சூர்யபிரகாஷ் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. அவ்வளவுதான். கும்பிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு, "அவளுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டான். அவன் அழுதிருந்தாலாவது எனக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும். மற்ற பொட்டலத்தை ஊருணியில் போட நான் அவசரமாகக் கையில் எடுத்தேன். என் மனைவி பிரகதீஸ்வரி, "குடுங்க, நான் கால் கழுவத்தான் போறேன், போட்டுட்டு வாரேன்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு வியர்த்தது. வந்தவள் ஈரக் காலோடு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுவாரம் அவன் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "எனக்குத்தான் ஆத்தா வேணாம்னுட்டா. ஒனக்கு ஒண்ணும் சொல்லலையே. நீயாச்சும் பண்ணு மச்சான்" என்றான்.

பாருங்கள் அவன் புத்தியை! திருடினவனைத் தேடிவந்து சாவியையும் கொடுக்கிறான். நானும் வாங்கிக்கொண்டேன். நான் அம்மனிடம் போய்க் கேட்கவில்லை. எந்த மூஞ்சியோடு போவது?

நோட்டில் இருந்ததை அப்படியே செய்தேன். பத்து மெஷினுக்கு வழி இல்லை, ஆறு வாங்கினேன். பிரகதீஸ்வரியின் இரட்டைவடச் செயின் பாங்குக்குப் போனது. கேட்டவுடன் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பக்கத்துத் தையல் கடையையும் வாடகைக்கு எடுத்துச் சுவரை இடித்து ஏசி மாட்டினேன். உலுக்குகிற நாற்காலி வந்து இறங்கிய அன்று சந்தே அடைத்துக்கொண்டது. நானே முதலில் உட்கார்ந்து பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டது. பிளக்ஸில் கேம் ஹீரோவை நடுவில் போட்டு, அவன் தோளுக்கு மேல் என் பாஸ்போர்ட் போட்டோவை வைக்கச் சொன்னேன். புரட்டாசி முடிவதற்குள் முதல் வாரத்துக்கான டோக்கன் அத்தனையும் தீர்ந்துவிட்டது. மீமிசலிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து வாங்கினார்கள். போகிற வருகிறவர்கள், "குணசேகரா, பெரிய ஆளாயிட்டப்பா" என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக சூர்யபிரகாஷ் என் கடையை அண்ணாந்து பார்த்தான். "சூப்பரா இருக்கு மச்சான்" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றியது.

அவன் கேம் கடைக்கு வைத்திருந்த பணத்தில் தண்ணி கேன் கம்பெனி ஒன்றை ஆரம்பித்திருந்தான். அதற்கும் பூக்கட்டினோம். தண்ணி கேன் விற்கப் போகிறான், விற்கட்டும் என்று ஒழுங்காகத்தான் கட்டினேன். வெள்ளை வந்தது.

நவம்பர் ஐந்தாம் தேதி, கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாலிடெக்னிக் பையன் ஓடிவந்தான். "அண்ணே, போச்சுண்ணே" என்று போனை நீட்டினான். கேம் கம்பெனிக்காரன் வருத்தம் தெரிவித்திருந்தான். ரசிகர்கள் எதிர்பார்க்கிற தரத்தில் கொடுக்க இன்னும் அவகாசம் தேவையாம். ஒரு வருஷம் தள்ளி அடுத்த நவம்பராம்.

அவனுக்கென்ன, அவன் பாட்டுக்கு நாலு வரி எழுதிவிட்டான். அன்று சாயங்காலமே டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வரிசை நின்றது. பழைய கேமை விளையாடச் சொன்னால், "அத முடிச்சு எத்தன வருஷமாச்சுண்ணே" என்றார்கள். ஆறு மெஷினும் கவர்கூடப் பிரியாமல் உட்கார்ந்திருந்தன. ஏசியைப் போட்டால் கரண்டு பில், போடாவிட்டால் புழுக்கம். தை பிறப்பதற்குள் இரண்டு மாத வாடகை நின்றுபோனது. மாசிக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் கட்டடக்காரர்.

சூர்யபிரகாஷின் தண்ணி வண்டி தினமும் இரண்டு தடவை என் சந்தைத் தாண்டிப் போகும். அவனே ஒருநாள் நெற்றியில் திருநீறோடு வந்து உட்கார்ந்து சொன்னான்: "நெனச்சுப் பாரு மச்சான். அன்னிக்கு மட்டும் ஆத்தா வெள்ளையக் குடுத்திருந்தா பத்து மெஷினோட நான் கவுந்திருப்பேன். ஒன் கையால கட்டுன பூவுதான் என்னயக் காப்பாத்துச்சு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! நான் செய்த துரோகத்தைக்கூட அந்தக் காளி அவனுக்கு வரமாக மாற்றிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் அவன்தான் செல்லப்பிள்ளை.

அதோடு விட்டானா? "நீ கஷ்டப்படுறது எனக்குப் பொறுக்கல. மெஷினு எல்லாத்தையும் வாங்குன வெலைக்கே நான் எடுத்துக்கிறேன். என் மாடியில போடுவோம். அடுத்த நவம்பர்ல கேம் வந்துரும்ல? நீயே இருந்து நடத்து, ஆளுக்குப் பாதி. அம்மன்கிட்ட மட்டும் ஒரு வார்த்த கேட்டுருவோம். நீதான் பூக்கட்டணும்" என்றான்.

மறுபடியும் அதே வேப்பமரம், அதே தட்டு. இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்தால் நான் பிழைத்தேன், செயின் வீட்டுக்கு வரும். ஆனால் ஆயுசுக்கும் அவன் மாடியில் அவன் தயவில் உட்கார வேண்டும். அதை நினைத்தால் இரண்டிலும் அரளியையே வைத்துவிட்டுத் தெருவில் நிற்கலாம் என்றுகூட ஆத்திரம் வந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. அவனுக்கு எது நல்லதோ அதைத்தானே இவள் எப்போதும் கொடுக்கிறாள்? ரிலீஸுக்குத் தயாராகக் கடை கிடைப்பது அவனுக்கு நல்லதுதானே? அப்படியானால் தானாகவே வெள்ளைதான் வரும். நான் எதற்கு மறுபடியும் பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்? ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்து ஒழுங்காகக் கட்டினேன்.

இளமதி கையை நீட்டினாள். வலது பக்கப் பொட்டலத்துக்குப் போன கை இடது பக்கத்துக்கு வந்தது. சொக்கு பிரித்தார்.

சிவப்பு.

சூர்யபிரகாஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "நான் என்ன மச்சான் பண்ணுவேன், ஆத்தா வேணாம்னு சொல்லிட்டாளே. ஏதோ ஆபத்து இருக்கு போல. ரெண்டாவது தடவையும் ஒன் கையி என்னயக் காப்பாத்திருச்சு" என்றான். அம்மன் சொன்னதற்கு மாறாக ஒரு பைசா போடமாட்டான், எனக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

எனக்குத் தாங்கவில்லை. மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஊருணிப் படிக்கட்டுக்குப் போனேன். பிரகதீஸ்வரி அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிரிக்கக் கூடாது என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருந்தது? அவள் முன்னாலேயே நாரைப் பிய்த்தேன். நந்தியாவட்டை. இதழ்கூட வாடவில்லை.

"பாரு, நல்லாப் பாரு! வெள்ள இருக்கா இல்லையா? நான் ஒழுங்காத்தான் கட்டுனேன். எனக்குன்னா மட்டும் ஏன் இப்படிப் பண்றா அவ?" என்று கத்தினேன்.

அவள் சேலை நுனியால் காலைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆனி மாசம் என்கிட்டக் குடுத்தீங்களே, அந்தப் பொட்டலத்தையும் இதே படியில வச்சு நான் பிரிச்சுப் பாத்தேங்க" என்றாள். "இத்தன நாளா யார்கிட்டயும் சொல்லல. செயினக் கேட்டப்பக்கூட வாயத் தெறக்கல. இப்ப அந்தப் பூவத் தண்ணியில போட்டுட்டு வாங்க. அதக் கையில வச்சிக்கிட்டு ஆத்தாகிட்ட நியாயம் கேக்காதீங்க."