பத்து நிமிஷம் இரு

கண்ணாடிப் பெட்டி வாசலில் திரும்ப மறுத்தது. தூக்கி வந்த இருவரும் முன்னே தள்ளினார்கள், பின்னே இழுத்தார்கள், சாய்த்தும் பார்த்தார்கள். முன்னறையின் இரண்டு பக்கச் சுவர்களையும் மீன் தொட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஓர் ஆள் போகத்தான் இடம்.

"என்னம்மா இது, வீடா கடையா?" என்றான் பெட்டிக்காரன்.

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் உள்ள படுத்திருக்கார்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டிரு என்று அர்த்தம்.

மாப்பிள்ளை கீழ்த்தட்டில் இருந்த காலித் தொட்டிகளையும் கூழாங்கல் மூட்டைகளையும் எடுத்துத் தெருவில் போட்டபிறகுதான் பெட்டி உள்ளே வந்தது. அதற்கு மேல் நகரவில்லை. உள்கதவு குறுகல். ஆகவே அவரைத்தான் இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. அவருடைய கடைக்கு, அவருடைய மீன்களுக்கு நடுவில். உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தாலும் இந்த இடத்தைத்தான் சொல்லியிருப்பார். அதை நினைத்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது. செத்தும் பிடித்த பிடியை விடவில்லை மனுஷன்.

பெட்டிக்காரன் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைத் தடவினான். மூன்று தடித்த பின் வைத்த பிளக். அது நுழைகிற இடம் அந்த வீட்டிலேயே ஒன்றுதான் உண்டு. கடைக்கென்று மீட்டரிலிருந்து அவர் தனியாக இழுத்துப் போட்ட லைன். அதில் ஏற்கெனவே ஒரு தடித்த பிளக் இருந்தது. பெட்டிக்காரன் அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொருகினான். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"இந்த லைன்ல வேற எதையும் சேர்த்துடாதீங்க, ஃப்யூஸ் போயிடும். மூடியைத் திறக்காம பார்த்துக்கங்க. நடுவுல கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் குளிர் நிக்கும், பதறாதீங்க."

மகன் விமானத்தில் இருந்தான். வந்துசேர சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை அப்பாவை வைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

நாத்தனார் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "ரிட்டையரானதும் காலை நீட்டிக்கிட்டு உக்கார வேண்டியவன். கடை வைக்கிறேன் கடை வைக்கிறேன்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டான். கூட இருக்கிறவங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

கூட இருக்கிறவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தையா? சொன்ன வார்த்தைகளை அடுக்கினால் கூரை வரை போகும்.

பல் பிடுங்கப் போன இடத்தில் வந்த வினை அது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலை நரைக்கும் வரை குப்பை கொட்டிவிட்டு வெளியே வந்த மனுஷன், பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டியைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டது காதில் விழவில்லை. பல்லோடு திரும்பி வந்தார், கையில் இரண்டு மீன்களோடு. அதற்கப்புறம் சோபா போனது, அலமாரி போனது, வந்தவர்களை உட்கார வைக்க இருந்த ஒரே அறையும் போனது. வாசலில் 'கலர் மீன்கள் கிடைக்கும்' என்று போர்டு ஏறியது. ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மீனுக்கான உறைந்த புழு. அறைக்கு ஏசி வைக்கலாம் என்று அவள் சொன்னாள். தனி லைன் வந்தது, மீன் தண்ணீரைச் சூடாக்க.

"ஆயுசு பூரா அடுத்தவன் சொன்ன வேலையைப் பார்த்தாச்சு. இனிமே எனக்குப் பிடிச்சதைப் பார்க்கிறேனே" என்றார். முகம் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருந்தது. எனக்குப் பிடித்தது என்னவென்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் தொட்டிக்குள் கையை விட்டபடியே சொன்னார்.

"பத்து நிமிஷம் இரு. இதுங்களை முடிச்சிட்டு வந்துடறேன்."

அன்றிலிருந்து அதுதான் அவருடைய மந்திரம். சோறு ஆறிக் கிடக்கும்போதும் அது. அவள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி வாசலில் நின்றபோதும் அது. அவளுக்குக் காய்ச்சல் வந்து கஷாயம் கேட்டபோதும் அதே பத்து நிமிஷம். கஷாயம் வந்தது, அவளே எழுந்து போய் வைத்த பிறகு.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. பெட்டியின் உறுமல் கேட்டது, நாத்தனாரின் விசும்பல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தொட்டிகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. இரவும் பகலும் கொர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும் காற்று மோட்டார், குமிழ் வெடிக்கிற சளசளப்பு, எதுவும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு எத்தனை இரவு தலையணையைக் காதில் அமுக்கியிருப்பாள்.

தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தங்க மீன் தொட்டியில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வேண்டாவெறுப்பாகக் கேட்டதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரில் காற்று இல்லை. விட்டால் ஒவ்வொன்றாக மிதக்கும்.

மிதக்கட்டும் என்று நினைத்தாள். சொல்லப்போனால் ஒரு நிம்மதிகூட வந்தது. இவரோடு இதுவும் ஒழியட்டும். சோபாவைத் திரும்பப் போடலாம்.

"அத்தை, தொட்டியெல்லாம் எடுத்துக்க ஒரு ஆளைப் பார்த்து வெச்சிருக்கேன்" என்று மாப்பிள்ளை குனிந்து சொன்னார். "காரியம் முடிஞ்சதும் வரச் சொல்றேன். மீனு செத்தாலும் தொட்டி எடுத்துக்குவான்."

"சரி" என்றாள். குரல் பிசிறில்லாமல் வந்தது.

மூலையில் ஒரு பெரிய தொட்டி மட்டும் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைக்கப்பட்டிருந்தது. தட்டு மீன். தட்டு மாதிரி வட்டமாகத் தட்டையாக இருக்கும் ஜோடி. குஞ்சு பொரித்துவிட்டால் முதல் தீனி தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற வழுவழுப்புத்தான். குஞ்செல்லாம் போய் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டு தின்னும். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். மற்ற மீனெல்லாம் விற்பதற்கு, இது எனக்கு என்பார். உள்ளே இருக்கும் மண் சட்டியில் முட்டை போடும், மறுநாளே பெற்றதுகளே தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் சாவு வீட்டிலிருந்து வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குளிக்கப் போவார். கடைசி ஈட்டு முட்டைகள் மட்டும் தப்பின. வெளிச்சம் பட்டால் பயந்து தின்றுவிடும் என்று காகிதம் ஒட்டினார். இந்த அறையில் லைட் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோரையும் அதட்டினார்.

நெஞ்சு வலி ஆரம்பித்தது அப்போதுதான். மகள் டாக்டரிடம் நேரம் வாங்கி, காரையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வெறும் வாயு. குஞ்சு பொரிச்சிருச்சு, இன்னும் சட்டியிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. நீந்த ஆரம்பிக்கட்டும், மறுநாளே வர்றேன்."

இன்றைக்கு விடியற்காலையில் அவள் காபி கொண்டுவந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டியில் தோளைச் சாய்த்து, காகித இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி படுக்கவே இல்லையா என்று ஆரம்பித்தாள். மகள் பெட்ரோலைச் செலவழித்து வந்து போனதைச் சொன்னாள். இனிமேல் காபியையும் மீனையே போடச் சொல்லுங்கள் என்றாள். திட்டி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை. அதில் என்ன அதிசயம், அவர் என்றைக்குத் திரும்பினார்? டம்ளரை வைக்கப் போனபோது அவர் கை பட்டது. கை ஜில்லென்று இருந்தது.

இதுங்களுக்காகத்தான். அவள் எழுந்தாள். கடைசியாக எப்படித்தான் சாகிறது என்று பார்க்கிறேன் என்று மூலைக்குப் போய்க் காகிதத்தைக் கிழித்தாள்.

மண் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் பக்கவாட்டில் பொட்டுப் பொட்டாக வால் துடிக்கும் புள்ளிகள். இரண்டு பெரிய மீன்களும் செவுள் விரிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன, ஆனால் மேலே போகவில்லை. சட்டியை விட்டு அகலாமல் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. ஒரு புள்ளி பிடி நழுவிக் கீழே விழுந்தது. ஒரு மீன் குனிந்து வாயில் கவ்வியது. தின்றுவிட்டது என்று நினைத்தாள். அது மேலே வந்து, சட்டியிலேயே திரும்பத் துப்பி ஒட்டியது. இன்னொன்று விழுந்தது. மறுபடி போனது. அதற்கே மூச்சு முட்டுகிறது, கவ்விக் கவ்விக் கொண்டுவந்து ஒட்டுகிறது.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டாள். "இந்த மோட்டாரை வேற எங்கயாவது சொருக முடியுமா பாருங்க."

அவர் வந்து ஒயர்களை இழுத்துப் பார்த்தார். எல்லாம் மாமனார் தன் கையால் கோர்த்தவை. ஹீட்டர், மோட்டார், விளக்கு எல்லாம் ஒரே சடையாகப் போய் ஒரே தடித்த பிளக்கில் முடிந்திருந்தன. எது எதற்குப் போகிறது என்று கோர்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். "இதைப் பிரிச்சா எல்லாம் போயிடும் அத்தை. இப்ப இதுவா முக்கியம்?"

அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

உறுமல் நின்றது. நாத்தனாரின் அழுகையும் நின்றது. அவள் தரையில் கிடந்ததை எடுத்துச் சொருகினாள். அறை முழுக்கச் சளசளவென்று குமிழ் கிளம்பியது.

"ஏய், என்ன பண்றே நீ?" நாத்தனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "செத்த மனுஷனைவிட மீனு பெரிசாப் போச்சா உனக்கு?"

"உங்க தம்பியைக் கேளுங்க அண்ணி. அவருக்கு எது பெரிசுன்னு."

"அம்மா, ஊரே பார்க்குது" என்றாள் மகள்.

"பார்க்கட்டும். ஒரு மணி நேரம் குளிர் நிக்கும்னு பெட்டிக்காரன் சொன்னான்ல? அரை மணி இதுங்களுக்கு, அரை மணி உங்கப்பாவுக்கு. மூடியை மட்டும் யாரும் தொடாதீங்க."

"உனக்குத்தான் இந்த எழவே பிடிக்காதே!"

"இப்பவும் பிடிக்கலடி." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "இதுங்களுக்காகத்தானே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னாரு. இதுவும் செத்துப்போச்சுன்னா அந்த மனுஷன் எதுக்குச் செத்தாரு? சொல்லு. எதுக்கு?"

நாத்தனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் உள்ளே நடக்கிற அநியாயத்தைச் சொன்னாள். வந்தவர்கள் பூவை வைத்துவிட்டு, இரண்டு பிளக்குக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள், அவளுக்குக் கேட்கிற அளவு மெதுவாக. மாப்பிள்ளை வாட்சைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவளும் வாட்சைத்தான் பார்த்தாள். நேரமானதும் இதைப் பிடுங்கி அதைச் சொருகினாள், அதைப் பிடுங்கி இதைச் சொருகினாள். பெட்டி ஓடும்போது தொட்டிகளைப் பார்த்தாள். தொட்டிகள் ஓடும்போது பெட்டியைப் பார்த்தாள். இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் அவர் முகத்தைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. மூக்கின் ஓரத்தில் கண்ணாடி அழுத்திய தழும்பு இருந்தது. சவரம் செய்யாமலே போய்விட்டார்.

வெயில் சாய்ந்தபோது தொட்டிகளின் முறை ஓடிக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்த்தாள். மாற்றுகிற நேரம். எழுந்து பிளக்கில் கை வைத்தபடி, காகிதக் கிழிசல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

சட்டியில் ஒன்றையும் காணோம். தின்றுவிட்டதா என்று குனிந்து தேடினாள். மீன் மெதுவாகத் திரும்பியது. அதன் விலாவில் தூசி படிந்த மாதிரி என்னவோ இருந்தது. தூசிக்கு வால் இருந்தது. ஒவ்வொன்றாகத் தடுமாறி நீந்திப் போய் அந்த உடம்பில் வாயை வைத்துக்கொண்டிருந்தன.

"கார் வந்துருச்சு! பையன் வந்துட்டான்!" வாசலிலிருந்து நாத்தனார் கத்தினாள். "அடியே, இப்பவாவது பெட்டியை ஓட விடு! அப்பனைப் பார்க்க வர்றான்!"

மகள் ஓடிவந்து லைட் சுவிட்சில் கை வைத்தாள்.

"லைட்டைப் போடாதே" என்று அதட்டினாள் அவள்.

பிளக்கிலிருந்து கையை எடுத்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்தாள்.

"பத்து நிமிஷம் இருங்க" என்றாள். "இதுங்களை முடிச்சிட்டு வந்துடறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொட்டியில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா என்று மகன் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.