விதிப்படி கத்த வேண்டும்

"இந்தத் தெருவுல பொம்பளைச் சத்தம் வெளியே கேட்கிற ஒரே வீடு நம்ம வீடுதான். மானம் போகுது!" என்று மாமனார் கத்தினார். அது தெருக்கோடி வரை கேட்டது. தெருவில் அவருக்கு 'மைக் செட்' என்றே பெயர். அவர் கத்தினால் மட்டும் மானம் எங்கேயும் போகாது.

கத்திப் பழக ஆரம்பித்திருந்த மருமகள் கூடத்தின் நடுவில் நின்றாள். விமானப் பணிப்பெண். நாளைக் காலை அவளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புத் தேர்வு. சிரித்துக்கொண்டே சாப்பாடு நீட்டுவதற்கு மதிப்பெண் போடுகிற தேர்வல்ல அது. விமானம் தரையில் மோதி நின்றால், தொண்ணூறு வினாடிக்குள் அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டும். புகையில் கண் தெரியாது. அவள் குரலைக் கேட்டுத்தான் ஜனங்கள் கதவுக்கு வரவேண்டும். போன வாரம் அந்தக் குரல் எழும்பவில்லை என்று தோல்வி போட்டுவிட்டார்கள். நாளையும் தோற்றால் வேலை போய்விடும்.

எப்படி எழும்பும்? இரண்டு வருடமாக "மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு" என்று இந்த வீடு அமுக்கி வைத்த குரல் அல்லவா!

"பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தேன்," என்றான் கணவன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். ரொம்பப் பெரிய மனசு!

"விமானத்தையும் பாத்ரூமுக்குள்ளயே இறக்கிடலாமா?" என்றாள்.

மாமனாருக்கு முகம் சிவந்தது. "உங்க அத்தை இந்த வீட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாள் வாயைத் திறந்து சத்தமாப் பேசியிருக்காளா? கேட்டுப் பாரு!"

அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் இல்ல மாமா, நூத்தியெண்பது பேருக்குக் கேட்கணும். கேட்கலைன்னா செத்துப் போவாங்க."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாசல் கதவை முழுசாகத் திறந்துவிட்டு, மூச்சை இழுத்தாள்.

"பெல்ட்டைக் கழட்டுங்க! எல்லாத்தையும் விட்டுடுங்க! இந்தப் பக்கம் வாங்க!"

எதிர்வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. கணவன் கையிலிருந்து பேப்பர் நழுவியது.

"வாயை மூடுடீ!" என்றார் மாமனார்.

"எல்லாத்தையும் விட்டுடுங்க! வாங்க! வாங்க!" அவள் நிறுத்தவில்லை. கட்டளையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பது விதி.

அடுப்படியிலிருந்து அத்தை வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. புருஷனைத் தாண்டி, மகனைத் தாண்டி, நேராக வாசலை நோக்கி நடந்தாள்.

"ஏய், எங்க போற? அடுப்புல பால் பொங்குது!"

அத்தை தெருவில் இறங்கித் திரும்பி நின்றாள். அதைப் பார்த்த மருமகள் விதியை மறந்து கத்துவதை நிறுத்திவிட்டாள். முதலில் அத்தையின் குரல் கரகரத்தது. பிறகு எதிர்வீட்டு மாடிக்கே கேட்கும்படி வந்தது.

"எல்லாத்தையும் விட்டுட்டு வரச் சொல்றா, காது கேட்கலையா? நீங்க போய் அடுப்பை அணைங்க! ஏம்மா, நீ ஏன் நிறுத்திட்ட? கத்து!"