பசு தோற்ற வாரம்

தொலைக்காட்சி வினாடி வினாவில் கடைசிச் சுற்றுக் கேள்வியை எழுதுகிறவளுக்கு ‘கேள்வி அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் நேரலை. பதில் சரியென்றால் பச்சை விளக்கு, தப்பென்றால் சிவப்பு. அதற்கான பொத்தானை அழுத்துவதும் அவள்தான்.

திங்கட்கிழமை, வியாழன் கோளின் மிகப் பெரிய நிலவு எது என்று கேட்டாள். போட்டியாளர் திருதிருவென்று முழித்தார். தயாரிப்பாளர் ஓடி வந்தார்.

“அக்கா, பாக்கறவங்களுக்கே பதில் தெரியலைன்னா சேனலை மாத்திருவாங்க. கொஞ்சம் இறங்கி வாங்க.”

செவ்வாயன்று வானவில்லுக்கு எத்தனை நிறம் என்று இறங்கி வந்தாள். கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லிப் பரிசை அள்ளிக்கொண்டு போனார் ஒருவர்.

“இவ்வளவு இறங்கணுமா? கேள்வி கஷ்டமா தெரியணும், ஆனா பதில் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்!”

புதனன்று சோப்பு விளம்பரதாரரே கேள்வி அனுப்பிவிட்டார்: துணியின் அழுக்கைப் போக்குவது எது? போட்டியாளர் “தண்ணி” என்றார். சிவப்பை அழுத்த அவளுக்கே கூச்சமாக இருந்தது.

வியாழனன்று மண்டை காய்ந்துபோய், பழைய கோப்பிலிருந்து ஒன்றை உருவினாள். பசுவுக்கு எத்தனை வயிறு? அட்டையில் இருந்த விடை: நான்கு. எதிரே நின்றவர் கால்நடை மருத்துவமனை உதவியாளர்.

“ஒண்ணு,” என்றார்.

“நல்லா யோசிச்சுக்கோங்க,” என்று கண்ணடித்தார் தொகுப்பாளர்.

“இதுல யோசிக்க என்னங்க இருக்கு? இருபது வருஷமா ஆபரேஷன்ல கூட நின்னு பாக்குறேன். வயிறு ஒண்ணுதான். உள்ள நாலு அறை.”

பழக்கதோஷத்தில் அவள் விரல் சிவப்புக்குப் போய்விட்டது. அந்த மனிதர் சண்டை போடவில்லை. “அப்ப நான் பாத்தது வேற மாடு போல,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கால்நடை மருத்துவப் புத்தகம் ஒன்றைத் தேடிப் புரட்டினாள். அவர் சொன்னதுதான் சரி.

“மன்னிப்புக் கேட்டுருவோம் சார்,” என்றாள் தயாரிப்பாளரிடம்.

“மன்னிப்பா? பாக்கறவங்ககிட்ட வாக்கெடுப்பு வைப்போம்.”

காலையில் முடிவு வந்தது. நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் நான்கு வயிற்றுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

“பாத்தீங்களா? பசு தோத்துப்போச்சு!” என்றார் தயாரிப்பாளர்.

அவள் போய் வெள்ளிக்கிழமை அட்டையை எழுதினாள். தொகுப்பாளர் எதையும் முன்கூட்டிப் படிக்கிறவரல்ல. தன் வேலைநீக்க உத்தரவைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே வாசித்துவிடுவார். நேரலையில் அப்படித்தான் வாசித்தார்: “நேற்று இந்த நிகழ்ச்சியில் நாங்கள் தவறாகச் சொன்ன விடை எது?” வாசித்து முடித்த பிறகுதான் சிரிப்பு உறைந்தது.

போட்டியிட்ட தையல்காரப் பெண் தயங்கவே இல்லை. “மாட்டு வயிறு! அந்த ஆளு சொன்னதுதாங்க சரி. என் பொண்ணு பாடப் புத்தகத்துலயே இருக்கு.”

“சிவப்பு! சிவப்பை அழுத்துங்க!” காதுக்கருவியில் தயாரிப்பாளர் கத்தினார். அவள் பச்சையை அழுத்தினாள். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையிலிருந்த தன் சாமான்களைப் பைக்குள் போடத் தொடங்கினாள். மனம் லேசாக இருந்தது.

தயாரிப்பாளர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“அக்கா, போன் ஓயவே மாட்டேங்குது! இவ்வளவு பேர் பாத்ததே இல்ல! திங்கட்கிழமை அந்த மாட்டாஸ்பத்திரிக்காரரைக் கூப்பிட்டுப் பரிசு குடுத்துருவோம். அவரைக் கொஞ்சம் அழச் சொல்லுங்க. சரி, அடுத்த வாரம் என்ன தப்பு பண்றோம்?”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அதுக்கு நான் எதுக்கு சார்? நீங்க ஒருத்தரே போதும்.”