நாலாவின் மேல் இரண்டு அரைப்பாலங்கள்

1

இந்திய ஜனநாயகத்தில் எதிரெதிர்க் கட்சிகளை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கப் போவது நாடாளுமன்றமல்ல, இந்தச் சிறுகதைதான். இதைப் படிப்பவர்கள் கடைசியில் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். பிரிந்த சூடு ஆறுவதற்குள் ஒன்றாகவும் சேர்வார்கள். உலக இலக்கியத்தில் இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. நடந்திருந்தால் தெரியப்படுத்தவும், ஆசிரியர் நம்ப மாட்டார்.

ஆசிரியர் என்பது ஸ்ரீகாந்த், பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். இது 2001. வகுப்பே ஜாவா படித்து அமெரிக்கா போகத் துடிக்கும்போது, ஒருவன் கதை எழுதுகிறான் என்று தெரிந்தால் பிராஜெக்ட் குழுவில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே இந்தக் கதையில் ‘நான்’ கிடையாது, ‘ஆசிரியர்’ உண்டு. கூடவே மரியாதையும் கிடைத்துவிடுகிறது.

கதை உள்ளத்தில் ஊறி வந்ததல்ல என்பதையும் ஒப்புக்கொண்டுவிடலாம். தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்குச் சிறுகதைப் போட்டி. முதல் பரிசு ஒரு மேசை மின்விசிறி. பரிசு தருபவரே தலைப்பையும் தந்திருந்தார்: ‘அரசியலில் எதிரெதிர்க் கட்சிகளின் ஒத்துழைப்பை வளர்ப்பதில் தொழிலதிபர்களின் பங்கு.’

ஆசிரியர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். “இதுல கதை எங்கம்மா இருக்கு? டெண்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கு.”

“சிரிக்காதடா. எங்க முதலாளி குடுத்த தலைப்பு” என்றார் ஆசிரியரின் தாயார் வசந்தகுமாரி. “எழுதிக் குடு. ஃபேனாவது வரும்.”

2

முதல் தொடக்கம்: ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில், கோட்டு அணிந்த தொழிலதிபர் தன் மடிக்கணினியைத் திறந்து, “தலைவர்களே, இணைவோம்!” என்று முழங்க, இரு கட்சித் தலைவர்களும் கண்கலங்கி—

[கைவிடப்பட்டது. ஆசிரியர் அந்தக் கட்டடத்தை பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கண்கலங்கிய கட்சித் தலைவரை எங்கிருந்தும் பார்த்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்: மேகங்கள் கறுத்தன. நாலா* பொங்கிச் சீறி—

[கைவிடப்பட்டது. மழை இன்னும் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதையே.]

மூன்றாம் தொடக்கம் நடந்ததை நடந்தபடி சொல்கிறது. நாச்சாரம் பக்கத்தில் ஒரு நாலா. (தொகுதிகளின் பெயர்கள் முதலில் மாற்றப்பட்டன, பிறகு நீக்கப்பட்டன.) இக்கரையில், மின்விசிறி தரும் செல்லப்பா அண்ணாச்சியின் வால்வு தொழிற்சாலை. அக்கரையில் அங்கே வேலை செய்யும் பெண்களின் வீடுகள். ஆசிரியரின் வீடும் அங்கேதான். நாலாவின் நடுக்கோடு இரண்டு தொகுதிகளுக்கு எல்லை. இக்கரை எம்.எல்.ஏ. ஒரு கட்சி, அக்கரை எம்.எல்.ஏ. அதற்கு எதிர்க்கட்சி. கதைக்கு வசதியாக இக்கரையார், அக்கரையார் என்று வைத்துக்கொள்வோம்.

பாலம் வேண்டும் என்று ஊர் கேட்டது. இருவரும் கட்டினார்கள்! ஆளுக்குப் பாதி. எல்லை தாண்டிவிட்டதாகப் பேச்சு வரக்கூடாதென்று ஒவ்வொருவரும் நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஆக, நடுவில் நாலடி வெற்றிடம். திறப்பு விழாக்கள் இரண்டும் சிறப்பாக நடந்தன. நாலடிக்கு யாரோ ஒரு மரப்பலகையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

* நாலா: இந்த ஊரில் மழைநீர்க் கால்வாய்க்குப் பெயர். மற்ற மாதங்களில் அதில் என்ன ஓடுகிறது என்பதை ஆண்டு மலரில் அச்சிட மாட்டார்கள்.

3

போன மழைக்காலத்தில் கனகம் என்ற பெண் அந்தப் பலகையில் வழுக்கினார். பின்னால் வந்த இருவர் புடவையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். டிபன் கேரியர் பிழைக்கவில்லை. அந்த இருவரில் ஒருவர் வசந்தகுமாரி.

செல்லப்பா அண்ணாச்சி மறுநாளே தன் பட்டறை இரும்புத் தகட்டை எடுத்துப் போய்ப் பலகை இருந்த இடத்தில் போட்டார். அன்று மாலையே இரு கரையிலிருந்தும் கட்சி ஆட்கள் வந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தகட்டைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டுப் பலகையைத் திரும்பப் போட்டார்கள். இரண்டு கட்சிகளும் ஒத்துழைத்த முதல் நிகழ்ச்சி அதுதான்.

அண்ணாச்சி அப்போது சொல்லிவிட்டார்: அடுத்த மழைக்குள் பாலம் சேராவிட்டால் தொழிற்சாலை ஓசூருக்குப் போகும். தன்னிடம் வேலைக்கு வரும் வழியில் ஒருத்தி செத்தாள் என்ற பேச்சைக் கேட்க அவர் தயாரில்லை.

ஆக, ஆசிரியரின் தாயாருக்கு ஒன்று கால் வழுக்கும், இல்லையென்றால் வேலை போகும். கதையில் தாயாரை நுழைத்தால் நடுவர்கள் இளகுவார்களா என்று ஆசிரியர் யோசித்தது உண்மை. இதைத் தாயாரிடமே கேட்டதும் உண்மை.

“நாடகமெல்லாம் நக்கோ” என்றார் தாயார், ‘வேண்டாம்’ என்பதையே மறக்கடித்த இருபது வருஷ ஹைதராபாத் வாசத்தோடு. “பலகை ஆடுது. அதை எழுது.”

4

தொழிலதிபரின் பங்கை நேரில் பார்க்க ஆசிரியர் அண்ணாச்சியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். முதலில் அக்கரையார் வீடு. காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மனு கொடுக்க வந்தவர்கள். (பேச்சு தெலுங்கில் நடந்தது. தமிழுக்கு வந்ததில் காரம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ‘காரு’ என்ற மரியாதை மட்டும் குறையவில்லை.)

“பாலம்னா பேசவே வேண்டாம் செல்லப்பா காரு. அந்த ஆள் முதல்ல வந்து கேக்கட்டும்.”

“பாலத்துக்கு வரலைங்க. உங்க முழங்கால் எப்படி இருக்குன்னு அவரு கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.”

அக்கரையார் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

“யாரு? அவனா?”

“அவரேதான்.”

“எந்தக் காலைக் கேட்டான்?”

அண்ணாச்சியின் இமை ஆடவில்லை. “ரெண்டையும்தான் கேட்டாரு.”

அக்கரையார் தன் முழங்காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீ கொண்டுவரச் சொன்னார்.

அடுத்து இக்கரையார் வீடு. அங்கே விசாரிப்பு மகளைப் பற்றி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருக்கும் பெண்ணுக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று அக்கரையார் விசாரித்தாராம். இக்கரையார் முதலில், “அவனுக்கு என்ன அக்கறை?” என்று சீறினார். அப்புறம் பனிக்கட்டியைப் பற்றி நிறுத்தாமல் பேசினார். ஃபோட்டோ ஆல்பம் வந்தது. மைசூர்பாகும் வந்தது!

வெளியே வந்ததும் ஆசிரியர் பொங்கினார். “அண்ணாச்சி, இதுக்குப் பேரு பொய்.”

“பொய் இல்ல தம்பி. என்னைக்காவது அவுஹளே கேக்கத்தான் போறாஹ. நான் கொஞ்சம் முந்திச் சொல்லுதேன்.”

“ஊருல கம்பெனிக்காரங்க எல்லாம் முதலமைச்சருக்கே திட்டம் போட்டுத் தர்றாங்க. நீங்க முழங்கால் விசாரிக்கிறீங்க. தொழிலதிபர்களின் பங்கு இவ்வளவுதானா?”

அண்ணாச்சி ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். “இரும்பு இருக்கு, வெல்டர் இருக்கான். நாலடி எனக்கு ஒரு சாயங்கால வேலை. ஆனா இரும்பை நான் குடுத்தா நான் மூணாவது கட்சி ஆயிருதேன்லா? விசாரிப்புல என் பேரே இல்ல பாத்தீங்களா. ஏறுங்க.”

வீட்டுக்கு வந்ததும் ஆசிரியர் சூட்டோடு எழுதினார்: இத்தகைய மலிவான தந்திரத்தை அறிவுள்ள எவனும் ஒருபோதும்—

[வாக்கியம் முடியவில்லை. பொருத்தமான வசைச்சொல்லுக்காக இடம் விடப்பட்டிருக்கிறது.]

5

இந்தப் பாத்திரத்தை நம்பலாமா? இது ஆசிரியருக்கே தெரியவில்லை. அண்ணாச்சி விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு கட்சிப் பந்தலுக்கும் நன்கொடை தருகிறார். அவர் அலுவலகத்தில் இரண்டு கட்சிக் காலண்டரும் தொங்குகின்றன. வருகிறவரைப் பார்த்து ஒன்றைத் திருப்பிப் போடுகிறார். ஓசூரில் ஒரு ஷெட்டைப் பார்த்தும் வைத்திருக்கிறார். தர்மாத்மாவா, தன் காரியத்தைப் பார்க்கிறவரா? ஒரு நல்ல கதாசிரியன் இந்த முரணை ஆழமாக—

“அவர் நல்லவரா கெட்டவரான்னு எனக்கெதுக்குடா?” என்றார் தாயார், தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே. “மழை வருதான்னு பாரு.”

6

வந்துவிட்டது! ஜூன் மாதம், ஷிஃப்ட் முடியும் வேளை. மேல்பக்கம் எங்கோ கொட்டியதில் நாலா சாக்லெட் நிறத்தில் பெருகி வந்தது. அதே மாலையில்தான் எம்.எல்.ஏ.க்கள் இருவரும் வந்தார்கள். ‘என் பாதியைப் பார்வையிடப் போகிறேன்’ என்பது இருவரும் ஆட்களிடம் சொன்ன காரணம். மற்றவன் வந்து தன்னிடம் நலம் கேட்பான் என்பது இருவரும் மனத்தில் வைத்திருந்த காரணம். அண்ணாச்சியின் ஸ்கூட்டர் அந்த வாரம் எத்தனை முறை நாலாவைச் சுற்றியது என்பது பெட்ரோல் பங்க்காரருக்குத்தான் தெரியும்.

ஆனால் யாரும் நடுவுக்கு வரவில்லை. இக்கரையார் தன் பாதிப் பாலத்தின் கரையோரத்தில் நின்றார், அக்கரையார் தன் பாதியின் கரையோரத்தில். நடுவே நாலாவின் இரைச்சல். இக்கரையார் பின்னால் அவர் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வீட்டுக்குப் போக வேண்டிய பெண்கள், எல்லாருக்கும் பின்னால் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டு செல்லப்பா அண்ணாச்சி. கூட்டத்தை விலக்கி முன்னால் வர அவரால் முடியவில்லை.

ஆசிரியர் தாயாருக்காகக் குடை எடுத்துக்கொண்டு அக்கரையிலிருந்து வந்திருந்தார். பலகையில் கால் வைத்தார். பலகை ஆடியது. இதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தும், அது இப்படி ஆடும் என்று அவர் எழுதவில்லை. தண்ணீர் பலகையின் அடியைத் தொட்டுத் தொட்டு விட்டது. தாண்டி வந்ததும் இக்கரையார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, அந்தப் பக்கமிருந்துதானே வர்றே? அவன் ஏதாவது சொன்னானா?”

அக்கரையார் எதுவும் சொல்லவில்லை. ஆசிரியர் அவரைத் தாண்டி வந்தபோது அவர் முழங்காலைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

இக்கரையாரின் முகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் ஆவல். அவருக்குப் பின்னால் தாயார் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு பலகைக்குத் தயாராக நின்றார்.

ஆசிரியர் வாயைத் திறந்தார்.

7

முதல் முடிவு: இக்கரையார் நடந்தார். அக்கரையார் நொண்டிக்கொண்டே எதிரே வந்தார். பலகைக்கு இருபுறமும் நின்று ஒருவர் முழங்காலைப் பற்றியும் ஒருவர் பனியைப் பற்றியும் கத்திப் பேசினார்கள். மறுநாள் இரும்புத் தகடு வந்தது. அதன் இரு முனைகளையும் அதே ஆட்கள் பிடித்துப் போட்டார்கள். மூன்றாவது திறப்பு விழா நடந்தது.

இரண்டாம் முடிவு: முதலில் நடப்பது யார் என்பதிலேயே மழை வலுத்தது. ஜீப்புகள் திரும்பின. ஓசூருக்கு லாரிகள் கிளம்பின.

எது நடந்தது என்று ஆசிரியருக்குத் தெரியும். சொன்னால் மற்ற முடிவை விரும்பியவர்கள் மலரை மூடிவிடுவார்கள். தாயார் அன்று பத்திரமாக வீடு சேர்ந்தார். அதை மட்டும் சொல்லலாம். நான்காம் பகுதியில் முடியாமல் நிற்கும் வாக்கியத்தை நடுவர்கள் அடித்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஆசிரியர் இக்கரையாரிடம் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவேண்டாம்.

முடிவை நீங்களே தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் அல்லவா? மற்ற முடிவுக்காரர்களை இந்நேரம் ஏமாளி என்றோ கசப்புப் பிடித்தவர்கள் என்றோ மனத்துக்குள் சொல்லியும் இருப்பீர்கள்.

ஒரு சின்ன விஷயம். வருகிற வழியில் ஆசிரியர் அந்த மற்ற முடிவுக்காரர்களில் ஒருவரைப் பார்த்தார். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.